ராட்செட், திருப்புளி, குறடு: எந்த வேலைக்கு எந்தப் பிடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது பைக்கும் காரும் பார்க்கிற பட்டறை. ஐடிஐ முடித்த பையன்கள் முதல் சம்பளத்தில் டூல்ஸ் வாங்கப் போகும் முன் வந்து கேட்பார்கள். வீட்டிலேயே வண்டி பார்த்துக்கொள்கிறவர்கள் போனில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் கைப்பிடி பற்றியவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். பிராண்டு சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: சாக்கெட் என்பது நட்டின் மேல் கவிழ்கிற குப்பி, ராட்செட் என்பது அதை மாட்டி, முன்னும் பின்னும் ஆட்டியே நட்டைச் சுற்றுகிற பிடி.

முதல் ராட்செட் வாங்குகிறேன். முழு ஸ்டீல் பிடியா, ரப்பர் போட்ட பிடியா?

முழு ஸ்டீல். கடையில் இரண்டையும் எடுத்துப் பார்த்தால் ரப்பர் பிடிதான் மனசுக்குப் பிடிக்கும், அது எனக்கும் தெரியும். கடையில் நம் கை சுத்தமாக இருக்கிறது, எதிரே இறுகிப்போன போல்ட் எதுவும் இல்லை.

நானும் அப்படி மயங்கி 3/8 இன்ச் ராட்செட் (சாக்கெட் மாட்டும் சதுரத்தின் அளவு அது) ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு மாதம் சுகமாகத்தான் இருந்தது. பிரேக் வேலை அதிகம் வந்த சமயம் அது. பிரேக் கிளீனர் ஸ்பிரே, பெட்ரோல், டீசல் எல்லாம் பட்டுப் பட்டு ரப்பர் மெல்ல ஊதியது. ஊதியதும் உள்ளே இருக்கிற கம்பியை விட்டுக் கழன்று, இடையில் எண்ணெய் இறங்கிவிட்டது. ஒருநாள் ஆல்டர்னேட்டர் போல்ட்டை இழுக்கும்போது ரப்பர் மட்டும் கையோடு வழுக்கி வந்தது. ராட்செட் அங்கேயே நிற்க, என் விரல் முட்டி போய் இன்ஜின் பிளாக்கில் இடித்தது. பிளேடால் ரப்பரை அறுத்து எறிந்தேன். உள்ளே விரல் தடிமனுக்கு ஒரு கம்பி, முலாம்கூட இல்லாமல் துருவேறிக் கிடந்தது. ரப்பர் மறைத்துவிடும் என்பதால் அந்த இடத்தை யாரும் மினுக்கவில்லை.

எல்லா ரப்பர் பிடியும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். பெட்ரோல் தாங்கும் கலவைகளும் உண்டு. ஆனால் எந்தக் கலவை போட்டிருக்கிறார்கள் என்று அட்டையில் எழுதுவதில்லை. தெரியாத ரப்பரைவிடத் தெரிந்த இரும்பு மேல்.

எண்ணெய்க் கையில் ஸ்டீல் பிடி வழுக்காதா?

ராட்செட்டில் அந்தப் பயம் பாதிதான் உண்மை. ராட்செட் ஒரு நெம்புகோல். அதைக் குறுக்காக இழுக்கிறோம், பிடியைச் சுற்றிக் கை திருகுவதில்லை. விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து இழுத்தால் போதும், உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் வேலை நடக்கும். திருப்புளி அப்படியல்ல. அது தன் அச்சிலேயே சுற்றுவது. உள்ளங்கைக்கும் பிடிக்கும் இடையே உள்ள உராய்வு மட்டும்தான் அங்கே வேலை செய்கிறது. அதனால்தான் ராட்செட்டுக்கு ஒரு பதில், திருப்புளிக்கு வேறொரு பதில் சொல்கிறேன். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஸ்டீல் பிடியிலேயே இரண்டு வகை உண்டு: வழவழவென்று மினுக்கியது, நர்லிங் போட்டது. நர்லிங் சொரசொரப்பு காய்ந்த கையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் பள்ளங்களில் கிரீஸும் மண்ணும் போய் உட்கார்ந்தால் துணியால் துடைத்து எடுக்க முடியாது, பிரஷ் போட வேண்டும். மினுக்கியதை ஒரு துடைப்பில் சுத்தம் செய்யலாம். கியர்பாக்ஸ், இன்ஜின் ஹெட் திறந்து கிடக்கும்போது டூலில் ஒட்டிய மண் உள்ளே உதிரக்கூடாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் மினுக்கியதைப் பிடித்துக்கொள்கிறேன். நர்லிங் பிடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சித்திரை வெயிலில் ஸ்டீல் பிடி கையைச் சுடுகிறதே?

சுடும். வெயிலில் கிடக்கும் ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தாலும் ஸ்டீல்தான் சுடுவதாகத் தெரியும். காரணம், ஸ்டீல் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கைக்குக் கடத்துகிறது. குளிர் நாடுகளில் இதே கதை தலைகீழ். பனியில் கிடந்த ஸ்டீல் ராட்செட் விரலை மரத்துப்போகச் செய்யும். அந்த ஊர் மெக்கானிக் ரப்பர் பிடி கேட்பதில் நியாயம் இருக்கிறது. நமக்கு வேண்டியதெல்லாம் டூலை வெயிலில் போடாமல் ஒரு சாக்குத் துணியால் மூடி வைப்பதுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி பார்க்கிறவர்கள் மெல்லிய கிளவுஸ் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ரப்பர் பிடி ராட்செட் எதற்குமே ஆகாதா?

ஆகும். எண்ணெய் படாத வேலைக்கு நல்லது. ஏசி பொருத்துகிறவர்கள், பர்னிச்சர் பூட்டுகிறவர்கள், காரின் உள்பக்க டிரிம் கழற்றுகிறவர்கள் கால் இன்ச் ராட்செட்டை நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பெரிய விசை இல்லை, கை வலிதான் பிரச்சினை. தடித்த மெத்தென்ற பிடி அதற்கு உதவும். கை மூட்டு வலி உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: தடித்த பிடி இடுக்கான இடத்தில் நுழையாது. ஸ்கூட்டரின் உள்ளே கை வைத்தவர்களுக்கு அந்த அரை சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

திருப்புளிக்கு எந்தப் பிடி?

கெட்டிப் பிளாஸ்டிக்தான் என் தேர்வு. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மஞ்சள், பச்சை, சிவப்புப் பிடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல செல்லுலோஸ் அசிடேட் அல்லது செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற வகை. மரக்கூழ், பஞ்சு ஆகியவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்வது. ஒருவிதத்தில் அது மரப்பிடியின் வாரிசுதான். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் நிறுவனம் டெனைட் என்ற பெயரில் இதை 1930களிலேயே விற்றது. இன்றும் திருப்புளிக்கு இது ஓடுகிறது என்றால் காரணம் இருக்கிறது. கீழே விழுந்தால் நொறுங்காது. கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்டால் பெரிதாகப் பாதிக்காது. அவசரத்துக்குச் சுத்தியலால் தட்டினாலும் தாங்கும் (தட்டாதீர்கள், அது வேறு விஷயம்).

அதன் எதிரி தின்னர். பெயின்ட் பட்டறைத் தின்னர், அசிட்டோன், அசிட்டோன் கலந்த பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் இவற்றில் ஏதாவது பட்டால் மேல்தோல் கரைந்து பிசுபிசுக்கும். அதில் உங்கள் கைரேகை பதிந்து நிரந்தரமாகிவிடும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் கார்புரேட்டர் கழுவிய கிண்ணத்திலேயே திருப்புளியை ஊறப்போட்டான்.

"அண்ணே, இது பசை மாதிரி ஆயிருச்சுண்ணே!"

"தம்பி, அது பசை இல்லடா, உன் சம்பளம்."

சும்மா சொன்னதுதான், சம்பளத்தில் எதுவும் பிடிக்கவில்லை.

அடுத்தது கெட்டி பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த இரட்டைப் பிடி. ஜெர்மனியின் வேரா கம்பெனியின் பிடியைப் பார்த்தால் இந்த யோசனை புரியும். விரல் வேகமாகச் சுற்றும் இடத்தில் கெட்டிப் பரப்பு, அழுத்தித் திருகும் இடத்தில் மெத்தென்ற பரப்பு. மொத்தமாக ரப்பர் போர்த்திய பிடியில் கை ஒட்டிக்கொள்ளும். வேகமாகச் சுற்றும்போது அந்த ஒட்டல்தான் கொப்புளம் வரவைக்கும்.

பொருளைவிடச் சில சமயம் பருமன் முக்கியம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், பலம் போடும் வேலைக்கான பிடி சுமார் 32 முதல் 51 மி.மீ. விட்டம் இருக்கலாம் என்றும், நுணுக்க வேலைக்கு 6 முதல் 13 மி.மீ. போதும் என்றும் சொல்கிறது. 25 மி.மீ. பிடியை விட்டு 35 மி.மீ. பிடிக்குப் போனால், அதே அழுத்தத்தில் 40 சதவீதம் அதிகத் திருகு விசை கிடைக்கும். இறுகிய ஸ்குரூவில் தலை தேய்வதற்கு முன் பெரிய பிடி திருப்புளியை எடுங்கள். செல்போன் ஸ்குரூவுக்கு அதே பிடியைக் கொண்டுபோனால் மரை போய்விடும்.

பழைய திருப்புளிப் பெட்டியைத் திறந்தால் வாந்தி நாற்றம். பிடியில் வெள்ளை பூத்திருக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் பூஞ்சை இல்லை. மேலே சொன்ன அசிடேட் பியூட்டிரேட் வயதானால் பியூட்டிரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். சிக்குப் பிடித்த வெண்ணெயில் வரும் வாடையும் அதே அமிலம்தான். மூடிய பெட்டியில் அது தேங்கிவிடுவதால் திறந்ததும் முகத்தில் அடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, சில நாள் காற்றாட வையுங்கள். பிறகு மூடி போட்ட பெட்டிக்குப் பதில் சுவர்ப் பலகையில் தொங்க விடுங்கள். பிடியில் வெடிப்பு இல்லை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தாத்தா காலத்துத் திருப்புளியை இந்த நாற்றத்துக்காகக் குப்பையில் போட்டவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

பிளாஸ்டிக் பிடி இருக்கிறதே, கரன்ட் வேலைக்குப் போதுமா?

போதாது. இந்த ஒரு பதிலில் மட்டும் நான் கறாராக இருப்பேன்.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் சாதாரணத் திருப்புளியில் கம்பி முழுக்க வெறும் ஸ்டீலாக வெளியே இருக்கிறது. சில பிடிகளில் கம்பி அடிப்பக்கம்வரை ஊடுருவி வந்திருக்கும். குறட்டில் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறை வழுக்காமல் இருக்கப் போட்டது, உயிர் காக்கப் போட்டதல்ல.

மின்வேலைக்கென்று செய்த டூலில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அதற்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60900. 1000 வோல்ட் ஏசி, 1500 வோல்ட் டிசி வரை என்பது அதன் வரம்பு. ஒவ்வொரு டூலையும் 10000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும். சில கம்பெனிகள் இரண்டு நிற அடுக்காகப் பூசுகின்றன. மேல் நிறம் கீறி உள்நிறம் தெரிந்தால் அந்த டூலின் காலம் முடிந்தது என்று பொருள். அதன்மேல் டேப் சுற்றி ஓட்டக்கூடாது.

மின்சார வண்டி பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். மின்சாரக் காரில் பேட்டரி பல நூறு வோல்ட் டிசி. ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால், பயிற்சி இல்லாதவர்கள் கையை எடுத்துவிடுவது நல்லது. பயிற்சி பெற்றவர்கள் கையில் ராட்செட், சாக்கெட், எக்ஸ்டென்ஷன் மூன்றுமே காப்பிடப்பட்டதாக இருக்க வேண்டும். ரப்பர் பிடி ராட்செட் அந்தக் கணக்கில் சேராது, அதன் தலை வெறும் ஸ்டீல்.

12 வோல்ட் பேட்டரி டெர்மினல் கழற்ற ரப்பர் பிடி உதவுமா?

ஷாக் அடிக்கும் என்று பயந்தா கேட்கிறீர்கள்? 12 வோல்ட் அடிக்காது. ஆனால் பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் பாடியில் பட்டால் ஒரு நொடியில் பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கக் காயும். பிடியில் ரப்பர் இருந்தாலும் தலையும் கழுத்தும் பட்டால் அதே கதைதான். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள்.

குறட்டில் மெல்லிய உறை போட்டது, தடித்த பிடி போட்டது: எது?

குறடு கையால் அமுக்கும் டூல். முழு அழுத்தமும் உள்ளங்கையின் ஓரிடத்தில் விழுகிறது. அதனால் நாள் முழுக்க ஒயர் வெட்டுகிறவர்களுக்குத் தடித்த பிடிதான் நல்லது. பட்டறையில் எப்போதாவது எடுப்பதற்கு மெல்லிய உறை போதும். இடுக்கில் நுழையும், பாக்கெட்டிலும் சட்டென்று இறங்கும்.

ஜெர்மனியின் க்னிபெக்ஸ் இதில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறது. தாடை ஒன்றாகவே இருக்க, பிடியை மட்டும் மாற்றி விற்கிறார்கள். மாடல் எண்ணின் நடுவில் 01 என்றால் மெல்லிய பிளாஸ்டிக் உறை, 02 என்றால் தடித்த இரட்டைப் பிடி, 06 என்றால் 1000 வோல்ட் காப்பு. அதே 160 மி.மீ. வெட்டுக் குறட்டை 70 01 160, 70 02 160, 70 06 160 என்று கேட்டு வாங்கலாம். வேலைக்கு ஏற்ற பிடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை அந்தப் பட்டியலே சொல்லிக்கொடுத்துவிடும்.

உறை கழன்று வழுக்கினால் தூக்கிப் போட வேண்டாம். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து உருவி எடுத்து, உள்ளே இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். மின்காப்புக் குறட்டில் மட்டும் இந்த வேலை கூடாது.

சுத்தியலுக்கு மரமா, பைபரா, முழு இரும்பா?

மரம். அடியின் அதிர்ச்சியை மரம் நன்றாக உள்வாங்கும். உடைந்தால் புதிது போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் நாட்டுக் கருவேலம் டூல் பிடிக்குப் பேர்போனது. அமெரிக்காவில் ஹிக்கரி மரத்துக்கு அந்த இடம். வாங்கும்போது பிடியை நீளவாக்கில் பாருங்கள். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்து ஓட வேண்டும். நடுவில் குறுக்காக வெளியேறினால் ஒருநாள் அங்கேதான் முறியும்.

தலை ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. காலையில் கெட்டியாக இருக்கும். அப்புறம் காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். ஊறிய மரம் விரிய இடமில்லாமல் இரும்புக் கண்ணுக்குள் நசுங்கிவிடுகிறது, காயும்போது முன்பைவிடச் சுருங்கிவிடுகிறது. ஆப்பை இறுக்குவதுதான் வைத்தியம்.

பைபர் பிடி மழை வெயிலுக்கு அசையாது என்பார்கள். பல வருடம் வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு போய் கண்ணாடி நார் சிலாம்பு மாதிரி கையில் ஏறும். ஒரே துண்டு இரும்பில் செய்த சுத்தியல் என்றால் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் 1923இல் தொடங்கிய எஸ்ட்விங் ஞாபகம் வரும். தோல் வில்லைகளை அடுக்கிச் செய்த அவர்களுடைய பிடி பார்க்கவே அழகு. தலை கழன்று பறக்கவே பறக்காது. ஆனால் நாள் முழுக்க அடித்தால் முழங்கைக்குத் தெரியும்.

ஸ்டீல் பிடியில் பைப் சொருகி நெம்பலாமா?

எல்லோரும் செய்கிறோம், செய்யக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 250 மி.மீ. பிடியின் நுனியில் 40 கிலோ விசை போட்டால் சுமார் 100 நியூட்டன் மீட்டர். சாதாரணக் காரின் வீல் நட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. அதிலேயே 1 மீட்டர் பைப் போட்டால் அதே கை 400 நியூட்டன் மீட்டர் தரும். பிடி வளைவதற்குள் தலைக்குள் இருக்கும் சிறிய பற்கள் உதிர்ந்துவிடும். இறுகியதைத் தளர்த்த அரை இன்ச் பிரேக்கர் பார் (ராட்செட் இல்லாத நீண்ட பிடி) வாங்குங்கள், அதில் உடையப் பல்லே கிடையாது. தளர்ந்ததும் ராட்செட்டுக்கு மாறுங்கள். ரப்பர் பிடியில் பைப் நுழையாது என்பதை ஒரு பாதுகாப்பு அம்சமாகக்கூடச் சொல்லலாம்.

குரோம் முலாம் உரிகிறது. பயன்படுத்தலாமா?

உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும். அந்த இடத்தை அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டு எண்ணெய் தடவிப் பயன்படுத்தலாம். பரவலாக உரிந்தால் மாற்றிவிடுங்கள், துகள் இன்ஜினுக்குள் விழும். இன்னொன்று, குரோமுக்கு அடியில் வழக்கமாக நிக்கல் பூச்சு இருக்கும். சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. மேல் குரோம் தேய்ந்த டூலைப் பிடித்தால் அரிக்கும்.

பயன்படுத்தாமல் வைத்திருந்த டூலின் ரப்பர் பிடி பிசுபிசு என்று ஒட்டுகிறது. எண்ணெயே படவில்லையே?

காற்றின் ஈரம் போதும். மெத்தென்ற பூச்சுகளில் பாலியூரித்தேன் வகை உண்டு. அது ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும். கடலோர ஊர்களில் இதைச் சீக்கிரம் பார்க்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பிசுக்கு வந்துவிடும், பூச்சும் சேர்ந்தே வந்துவிடும். பவுடர் போடுவது இரண்டு நாளைக்கு.

ஸ்டீல் பிடியில் நானே ஏதாவது சுற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றினால் செலவில்லாத ரப்பர் பிடி தயார். ஊதினால் வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்று போடலாம். கம்பெனிப் பிடியில் அந்த வசதி இல்லை. ஹீட் ஷ்ரிங்க் டியூபும் நல்லது, சூடு காட்டினால் சுருங்கி மெல்லியதாக அமரும். துணி டேப் மட்டும் வேண்டாம், எண்ணெய் குடித்து நாறும்.

செட்டாக வாங்கினால் எல்லாம் ஒரே பிடியாக வருகிறதே?

அதனால் சாக்கெட்டை செட்டாகவும் பிடியைத் தனியாகவும் வாங்குங்கள் என்பேன். 1920இல் மில்வாக்கியில் ஸ்னாப்-ஆன் தொடங்கியதே இந்த யோசனையில்தான். ஐந்து பிடியும் பத்து சாக்கெட்டும் இருந்தால் ஐம்பது ஸ்பேனர் வேலை நடக்கும் என்று விற்றார்கள். சாக்கெட் மாட்டும் சதுரத்தின் அளவுகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். 1/4, 3/8, 1/2 இன்ச் என்று பார்த்து மாட்டினால் எந்தக் கம்பெனிப் பிடியிலும் உட்காரும். எண்ணெய் வேலைக்கு 3/8 இன்ச்சில் ஒரு மினுக்கிய ஸ்டீல் ராட்செட், டிரிம் வேலைக்கு கால் இன்ச்சில் ஒரு ரப்பர் பிடி, அரை இன்ச்சில் ஒரு பிரேக்கர் பார். இந்த மூன்றோடு ஆரம்பித்தால் ஒரு வருடத்துக்கு வேறெதுவும் கேட்காது.